லண்டனில் ரயில் மாறிய கதை

லண்டனுக்குப் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் காலை, காபியைக் கையில் எடுத்த நேரம் என் ஃபோரக்ஸ் கார்டிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. முந்தைய நாள் ரயிலுக்குப் போன பணம்.

"நேத்து உனக்கு எவ்வளவும்மா போச்சு?" என்று அம்மாவைக் கேட்டேன். அம்மாவுக்கு அதெல்லாம் மனப்பாடம். லண்டன் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற ஆய்ஸ்டர் கார்டைக் கேட்டில் வைத்து வெளியே வரும்போது மீதிப் பணம் சின்னத் திரையில் தெரியும். அதை உரக்கப் படித்துவிட்டுத்தான் அம்மா நகர்வாள், பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சரி.

"காலைல இருபது இருந்துச்சு. ராத்திரி வீட்டுக்கு வரும்போது பதினஞ்சு சொச்சம்."

எனக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் போயிருந்தது. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கிளம்பினோம், ஒரே ரயிலில் உட்கார்ந்தோம், ஒரே இடத்தில் இறங்கினோம். தம்பி போனை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, போ சர்ச்சுல கார்டைத் தொட்டியா?"

"தொட்டேன்னுதான் நினைக்கிறேன்."

"அப்போ தொடலை."

2025 மே மாதம், பையனுக்குப் பள்ளி விடுமுறை. திருச்சியிலிருந்து நான், என் 10 வயது மகன், 71 வயது அம்மா மூவரும் இரண்டு வாரத்துக்குக் கிளம்பினோம். தம்பி வீடு ஈஸ்ட் ஹாமில். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் முருங்கைக்காயும் மல்லிகைப்பூவும் கிடைக்கும், இட்லி மாவுக்கும் அலைய வேண்டாம். தங்க இடம் கிடைத்தது, சாப்பாட்டுக்குக் கவலையில்லை. பார்க்க வேண்டிய இடங்களெல்லாம் ஊரின் இன்னொரு மூலையில் இருந்தன. தம்பிக்கு வேலை நாட்களில் லீவு இல்லை. ஆக தினமும் நாங்கள் மூன்று பேரும்தான். தினமும் குறைந்தது இரண்டு ரயில் மாற வேண்டும்.

எந்த ரயிலில் ஏறுவது என்பதைப் போன் சொல்லிவிடுகிறது. பணம் போனது, கால் வலித்தது, வழி தப்பியது, அம்மாவிடம் திட்டு வாங்கியது எல்லாமே மாறுகிற இடங்களில்தான். அதனால் மாறுகிற இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்த போ சர்ச் கதை. கிரீனிச்சுக்குப் போகத் தம்பி சொன்ன வழி இது: ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறி போ ரோடு ஸ்டேஷனில் இறங்கு, வெளியே வந்து சில நிமிடம் நட, போ சர்ச் என்ற இன்னொரு ஸ்டேஷன் வரும், அங்கே டி.எல்.ஆர். என்ற இலகு ரயில் பிடி. டியூப் என்பது லண்டன் சுரங்க ரயில். டியூப் மேப்பில் இந்த மாதிரி ஜோடி ஸ்டேஷன்களுக்கு நடுவே புள்ளிக்கோடு போட்டிருப்பார்கள். பத்து நிமிடத்துக்குள் நடக்கும் தூரம் என்று அதற்கு அர்த்தம். ஒரு ஸ்டேஷனில் தொட்டு வெளியே வந்து, நடந்து போய் அடுத்ததில் தொட்டு உள்ளே போனால் அது ஒரே பயணம். புதுக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு இடத்திலும் தொட வேண்டும், குறிப்பிட்ட நேரத்துக்குள்ளும் தொட வேண்டும்.

போ ரோட்டில் கேட் இருக்கிறது. கார்டைத் தொடாமல் வெளியே வர முடியாது. போ சர்ச்சில் கேட் கிடையாது. பிளாட்ஃபாரத்துக்குப் போகும் வழியில் மஞ்சள் வட்டத்தோடு ரீடர் நிற்கிறது, அவ்வளவுதான். தொட்டாலும் போகலாம், தொடாவிட்டாலும் போகலாம், தடுக்க யாரும் இல்லை. நாங்கள் போய்ச் சேரும்போது ரயில் வந்துகொண்டிருந்தது. டி.எல்.ஆர். ரயிலில் டிரைவர் கிடையாது, 1987-இல் ஓட ஆரம்பித்த காலத்திலிருந்தே அப்படித்தான். முன் கண்ணாடியை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்தால் தண்டவாளம் நம்மை நோக்கி ஓடிவரும். மாமா அதைப் பையனிடம் சொல்லி வைத்திருந்தான். அவன் அந்த சீட்டுக்காக ஓடினான், நான் அவனைப் பிடிக்க ஓடினேன். அம்மா மட்டும் நின்று, கைப்பையைத் திறந்து, கார்டை எடுத்து, தொட்டு, 'பீப்' சத்தம் கேட்ட பிறகுதான் வந்தாள். அன்றைக்கு அவள் மெதுவாக வருவதைப் பார்த்து எரிச்சல்பட்டவள் நான்.

கனரி வார்ஃபில் இன்னொரு முறை மாறி, கிரீனிச்சில் இருக்கும் கட்டி சார்க் ஸ்டேஷனில் இறங்கியதும் பொறுப்பாகக் கார்டைத் தொட்டேன். நான் வெளியே வருகிறேன் என்று எனக்குத்தான் தெரியும். உள்ளே போன பதிவே இல்லாததால், அந்தத் தொடுதலை ரீடர் நுழைவாக எடுத்துக்கொண்டது. நுழைந்தவள் எங்கே வெளியேறினாள் என்று தெரியாததால் அதிகபட்சக் கட்டணத்தைப் போட்டுவிட்டது. இதில் இன்னொரு வேதனையும் உண்டு. லண்டனில் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் வாங்க மாட்டோம் என்று உச்சவரம்பு இருக்கிறது. கட்டணத்துக்காக ஊரை நடுவிலிருந்து வெளியே ஜோன் ஜோனாகப் பிரித்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது முதல் இரண்டு ஜோனுக்குள் 8.90 பவுண்ட், மூன்றாம் ஜோன் வரை 10.50 பவுண்ட். முடிவடையாத பயணத்துக்குப் போகிற அந்த அதிகபட்சக் கட்டணம் இந்த வரம்புக்குள் வராது. தனியாகப் போகும்.

இணையத்தில் கணக்குத் தொடங்கி, கார்டைப் பதிவு செய்து, எங்கே ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று சொன்னால் அதிகமாகப் போனதைத் திருப்பித் தருகிறார்கள். தம்பி உட்கார்ந்து எனக்குச் செய்து கொடுத்தான், பணமும் வந்தது. அன்று ரயிலுக்குள் டிக்கெட் பரிசோதகர் வந்திருந்தால் கதை வேறு. அபராதம் 100 பவுண்ட். சீக்கிரம் கட்டினால் பாதி. பையன் சீட் பிடிக்க ஓடினான் என்ற காரணமெல்லாம் அங்கே எடுபடாது.

அன்றிலிருந்து ரயில் வந்துகொண்டிருந்தாலும், அது போனாலும், தொட்ட பிறகுதான் நகர்வது என்று வைத்துக்கொண்டோம். அடுத்த ரயில் சில நிமிடத்தில் வந்துவிடுகிறது.

கார்டு விஷயத்தை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். நம் ஊர் வங்கிக் கார்டு காண்டாக்ட்லெஸ் வசதியோடு இருந்தால் அதையே தொட்டுப் போகலாம், தனி டிக்கெட் தேவையில்லை. ஆனால் ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் காண்டாக்ட்லெஸ்ஸும் தாமாகத் திறந்திருக்காது. கிளம்புவதற்கு முன்பே வங்கி ஆப்பில் போய் இரண்டையும் தனித்தனியாகத் திறந்துவிடுங்கள். ஈஸ்ட் ஹாம் கேட் முன்னால் நின்று ஓ.டி.பி.க்குக் காத்திருக்க முடியாது, இந்திய சிம் அங்கே வேலை செய்யுமா என்பது தனிக் கதை. விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் செல்லும். ரூபே கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒன்றைத் தொட்டு இரண்டு பேர் போக முடியாது. 11 வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளைகளுக்கு டியூபிலும் பஸ்ஸிலும் காசு இல்லை, அகலமான கேட்டில் நம்மோடு சேர்ந்து வரலாம். மூத்த குடிமக்கள் சலுகை அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். இதை அம்மா கடைசி வரை ஏற்றுக்கொள்ளவில்லை. "என் வயசு எங்க இருந்தாலும் எழுபத்தொண்ணுதானே?"

பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. உள்ளே போகும்போது பிளாஸ்டிக் கார்டு, வெளியே வரும்போது போனில் ஏற்றிய அதே கார்டு என்று தொட்டால் அந்தக் கணக்கு சேராது. வங்கிக்கு அது ஒரே கணக்குதான், ரீடருக்கு இரண்டும் வேறு வேறு. இரண்டு முடிவடையாத பயணம், இரண்டு அதிகபட்சக் கட்டணம். காலையில் எதைத் தொட்டீர்களோ அதையே ராத்திரி வரை தொடுங்கள். போன் என்றால் சார்ஜையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தை விடுங்கள், கால்களுக்கு வருவோம். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். படி இறங்குவதுதான் அவளுக்குப் பெரிய பாடு. ஹீத்ரோவில் இறங்கிய அன்று பெட்டியும் அம்மாவும் பையனுமாக எப்படிப் போவது என்று நான் பயந்ததற்கு, தம்பி விமான நிலையத்துக்கே வந்து கூட்டிப்போன வழி பதில் சொல்லியது. பிக்காடில்லி லைனில் ஏறினோம். பேரன்ஸ் கோர்ட் என்ற ஸ்டேஷனில் கதவு திறந்ததும் பெட்டியை உருட்டிக்கொண்டு பிளாட்ஃபாரத்தின் எதிர்ப்பக்கம் போனோம். பத்தடி இருக்கும். அந்தப் பக்கம் வந்து நிற்கும் டிஸ்ட்ரிக்ட் லைன் நேராக ஈஸ்ட் ஹாம். படி இல்லை, எஸ்கலேட்டர் இல்லை, கேட் இல்லை. எலிசபெத் லைனில் ஒயிட்சேப்பல் வந்து மாறினால் நேரம் நன்றாக மிச்சமாகும், அங்கே லிஃப்டும் இருக்கிறது. ஆனால் விலை இரண்டு மடங்குக்கும் மேல். அவசரம் இல்லாதவர்களுக்குப் பழைய வழியே போதும், என்ன, நாங்கள் போனபோது பிக்காடில்லி லைனில் ஏசி கிடையாது.

அந்தப் பத்தடிதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. லண்டனில் சில இடங்களில் ரயில் மாறுவது திண்ணையிலிருந்து நடைக்குள் போவது மாதிரி. சில இடங்களில் மாறுவது மலைக்கோட்டை ஏறுவது மாதிரி. மேப்பில் இரண்டும் ஒரே வெள்ளை வட்டமாகத்தான் தெரியும்.

மைல் எண்ட் முதல் வகை. ஈஸ்ட் ஹாமிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட், பிரிட்டிஷ் மியூசியம் பக்கம் போக வேண்டுமென்றால் டிஸ்ட்ரிக்ட் லைனில் மைல் எண்ட் வரை போய், எதிர்ப் பிளாட்ஃபாரத்தில் சென்ட்ரல் லைன் ஏறினால் போதும். இரண்டாம் முறை போனபோது அம்மாவே முன்னால் இறங்கிக் குறுக்கே நடந்து அடுத்த ரயில் கதவுக்குள் போய், "வாங்க, வாங்க" என்று எங்களைக் கூப்பிட்டாள். சொந்த வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடுகிற தோரணை.

கிரீன் பார்க் இரண்டாம் வகை. ஒரு நாள் காலை லண்டன் பிரிட்ஜ் பக்கம் பார்த்துவிட்டு, டைனோசர் எலும்புக்கூடு பார்க்க சவுத் கென்சிங்டன் போக நினைத்தோம். மேப்பைப் பார்த்து நானே முடிவு செய்தேன்: ஜூபிலி லைனில் கிரீன் பார்க், அங்கிருந்து பிக்காடில்லி. தாளில் ரொம்ப அழகான வழி. நேரில், ஜூபிலி பிளாட்ஃபாரத்திலிருந்து பிக்காடில்லி பிளாட்ஃபாரத்துக்குப் போகும் சுரங்க நடை முடிவதாகத் தெரியவில்லை. ஒரு திருப்பம் முடிந்தால் இன்னொரு நீளம். வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் காற்றாகப் போகிறார்கள். அம்மா ஓடு பதித்த சுவரில் கை வைத்து நின்றுவிட்டாள். "இது ரயில் மாறுறதா, கிரிவலமா?"

அதற்கு முந்தைய ஸ்டேஷன் வெஸ்ட்மின்ஸ்டர். அங்கே இறங்கியிருந்தால் எஸ்கலேட்டரோ லிஃப்டோ மேலே கொண்டுவந்து விட்டிருக்கும், டிஸ்ட்ரிக்ட் லைனில் நேராக சவுத் கென்சிங்டன் போயிருக்கலாம். மாறும் எண்ணிக்கை இரண்டு வழியிலும் ஒன்றுதான். வழி தேர்ந்தெடுக்கும்போது எத்தனை முறை மாறுகிறோம் என்பதைவிட எங்கே மாறுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பிறகு, லண்டன் போக்குவரத்துத் துறையின் வழி சொல்லும் ஜர்னி பிளானரில் 'படியில்லாத வழி', 'குறைந்த நடை' என்ற விருப்பங்களைத் தட்டிவிட்டுத்தான் தேடினேன். சிட்டிமேப்பர் ஆப் இன்னும் ஒரு படி மேலே போய், ரயிலின் முன்பக்கம் ஏறு, நடுவில் ஏறு என்றும் சொல்கிறது. அப்படி ஏறினால் இறங்கும்போது மாறும் வழி கதவுக்கு நேராகவே வந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு பிளாட்ஃபார நீளம் மிச்சமாவது சின்ன விஷயம் இல்லை.

மேப்பை நம்பி ஏமாந்தது நான் மட்டும் இல்லை. அந்த மேப்பை வரைந்தவர் ஹாரி பெக், மின்சுற்றுப் படம் வரைகிற தொழில் செய்தவர். 1933-இல் அச்சான அவருடைய மேப்பில் தூரத்துக்கு மரியாதை கிடையாது, எதற்குப் பிறகு எது, எங்கே எதோடு சேர்கிறது என்பது மட்டும்தான். அதனால்தான் அது தெளிவாக இருக்கிறது, அதனால்தான் ஏமாற்றவும் செய்கிறது. லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவன்ட் கார்டனுக்கும் நடுவே சுமார் 260 மீட்டர்தான். அதற்காக முழுக் கட்டணம் கொடுத்துக் கீழே இறங்கி ஏறுகிற சுற்றுலாக்காரர்கள் தினமும் இருக்கிறார்கள். கோவன்ட் கார்டனில் லிஃப்டுக்குக் கூட்டமாக இருக்கிறதே என்று படியில் ஏறினால் 193 படிகள், சுழல் படிகள். மாறுவதற்கு முன் ஒரு முறை, இதை நடந்தே போய்விட்டால் என்ன என்று போனில் பாருங்கள்.

பெயரும் குழப்பும். பேங்க், மான்யுமென்ட் என்று இரண்டு பெயர் இருக்கும், உள்ளே இரண்டும் ஒரே ஸ்டேஷன். எட்ஜ்வேர் ரோடு என்று ஒரே பெயரில் இரண்டு ஸ்டேஷன் இருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தெருவில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அம்மா முதல் நாளே மேப்பில் 'டெம்பிள்' என்ற ஸ்டேஷனைக் கண்டுபிடித்துவிட்டாள். டிஸ்ட்ரிக்ட் லைனில் நேராகப் போகலாம், மாறக்கூட வேண்டாம். "எந்தச் சாமி?" என்று கேட்டாள். டெம்ப்ளர் வீரர்கள் என்று ஒரு கூட்டம் சிலுவைப் போர்க் காலத்தில் இருந்தது, அவர்கள் கட்டிய தேவாலயத்தை வைத்து வந்த பெயர் என்று தம்பி விளக்கினான். "அப்ப கோயிலுன்னு ஏன் போட்டிருக்கான்" என்று மட்டும் சொன்னாள்.

நிஜக் கோயிலுக்குப் போன அன்றுதான் வழி தப்பியது. ஈஸ்ட் ஹாம் பக்கத்திலேயே முருகன் கோயில் இருக்கிறது, முதல் வெள்ளிக்கிழமையே போய்விட்டு வந்தோம். ஆனால் ஊரில் யாரோ ஹைகேட் முருகனைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், அங்கேயும் போயாக வேண்டும். மான்யுமென்ட்டில் இறங்கி உள்ளேயே நடந்து பேங்கில் நார்தர்ன் லைன். வடக்கே போகிற ரயில் வந்தது, ஏறினோம். நார்தர்ன் லைன் என்பது ஒரு லைன் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. கேம்டன் டவுனுக்கு வடக்கே அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஆர்ச்வே, ஹைகேட் வழியாக ஹை பார்னெட். இன்னொன்று ஹாம்ஸ்டெட் வழியாக எட்ஜ்வேர். நாங்கள் ஏறியது எட்ஜ்வேர் வண்டி. பையன்தான் கதவுக்கு மேலே இருந்த கோட்டைப் பார்த்து, "அம்மா, பெல்சைஸ் பார்க் நம்ம லிஸ்ட்ல இல்லையே" என்றான். அதற்குள் கதவு மூடிவிட்டது.

ஹாம்ஸ்டெட்டில் இறங்கினோம். லண்டன் டியூபிலேயே தரைக்குக் கீழே மிக ஆழமான ஸ்டேஷன் அது, 58 மீட்டருக்கு மேல். வழி தப்பியதும் மேலே போய் வெளிச்சத்தைப் பார்த்து யாரையாவது கேட்கலாம் என்றுதான் கை பரபரக்கும். போகாதீர்கள். கேட்டைத் தாண்டாத வரை நீங்கள் இன்னும் அதே பயணத்தில்தான் இருக்கிறீர்கள். எதிர்ப் பிளாட்ஃபாரம் போய், திரும்பி வந்து, கேம்டன் டவுனில் சரியான கிளையைப் பிடித்தோம். இதற்குத் தனியாகக் காசு போகவில்லை, போனது அரை மணி நேரம். லைனின் பெயரை மட்டும் பார்த்து ஏறாமல், ரயிலின் நெற்றியில் எழுதியிருக்கும் கடைசி ஸ்டேஷன் பெயரையும் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிக்ட் லைனும் ஏர்ல்ஸ் கோர்ட்டில் இப்படித்தான் பிரிகிறது.

கோயிலில் பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, "இனிமே பாதாளத்துக்குப் போக மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். சரி, பஸ். உண்மையில் லண்டனில் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு பஸ்தான் உகந்தது என்பது என் கட்சி. நாங்கள் போனபோது பஸ் கட்டணம் எவ்வளவு தூரமானாலும் 1.75 பவுண்ட். முதல் பஸ்ஸில் தொட்ட நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அந்த 1.75-தான். இதற்கு ஹாப்பர் கட்டணம் என்று பெயர், 2016-இல் ஆரம்பித்தது. திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறினால் இன்னொரு டிக்கெட் எடுத்துத்தானே ஆக வேண்டும்? அம்மாவுக்கு இதை நம்பவே முடியவில்லை.

ஆர்ச்வே ரோட்டில் 43-ஆம் நம்பர் பஸ் ஏறினோம். 12.10-க்குத் தொட்டோம். மாடியில் முன் சீட் பையனுக்கு, அம்மா கீழேயே உட்கார்ந்துகொண்டாள். ஏஞ்சல் என்ற இடம் வரும்போது பையனுக்குக் கழிப்பறை அவசரம். இறங்கினோம். கடைத்தொகுதியில் வேலையை முடித்துக்கொண்டு மறுபடி ஸ்டாப்புக்கு வந்து அடுத்த 43-இல் தொட்டபோது மணி 1.05. அம்மா கார்டில் மீதி குறையவில்லை. லண்டன் பிரிட்ஜ் போய் இறங்கும்போது ஒரு மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. அது கணக்கில்லை, கடைசி பஸ்ஸில் ஏறித் தொடுகிற நேரம்தான் கணக்கு. பஸ்ஸில் இறங்கும்போது தொட வேண்டியதில்லை. ரயில் பழக்கத்தில் நான் ஒரு முறை தொடப் போய், டிரைவர் கையை ஆட்டி வேண்டாம் என்றார். நடுவில் ஒரு டியூப் பயணம் செய்திருந்தாலும், ஒரு மணிக்குள் திரும்ப பஸ் ஏறினால் இந்தச் சலுகை உண்டு. டியூபுக்கு மட்டும் அதன் காசு.

பஸ் மாறுவதில் ஒரே சிக்கல் ஸ்டாப்பைக் கண்டுபிடிப்பது. ஒரு சந்திப்பில் நான்கு தெருவிலும் ஸ்டாப் இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இருக்கும். கம்பத்தின் உச்சியில் ஒரு எழுத்து இருக்கிறதே, அதுதான் முகவரி. போனில் 'ஸ்டாப் ஜி' என்று இருந்தால் ஜி எழுத்துள்ள கம்பத்தைத் தேடுங்கள். எதிர்ப்பக்கக் கம்பத்தில் நின்றால் அதே நம்பர் பஸ் வரும், எதிர்த் திசைக்குக் கொண்டுபோகும்.

சிக்கனம் பார்த்து மூக்குடைபட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். பெரியம்மா மகள் வீடு வெம்ப்ளியில். வெஸ்ட் ஹாமில் ஜூபிலி லைன் ஏறினால் நேராக வெம்ப்ளி பார்க் போய்விடலாம், ஒரே ஒரு மாற்றம். ஆனால் அது நகர மையத்து முதல் ஜோனைக் கடந்து போகிறது, கட்டணம் கூடுதல். தம்பியின் நண்பர் ஒருவர் எனக்கு வேறு வழி சொன்னார்: ஸ்ட்ராட்ஃபோர்டு போய் ஓவர்கிரவுண்ட் என்ற தரைமேல் ரயிலில் ஏறு, அந்தத் தடத்துக்கு இப்போது மில்ட்மே லைன் என்று பெயர், வெஸ்ட் ஹாம்ஸ்டெட்டில் இறங்கி வெளியே வந்து தெருவில் நடந்து டியூப் ஸ்டேஷனுக்குப் போ, மையத்தைத் தொடாததால் கட்டணம் குறையும். இந்த மாதிரி சுற்றுவழிகளில் சில ஸ்டேஷன்களுக்குள் பிங்க் நிற ரீடரும் வைத்திருக்கிறார்கள். ரயில் மாறும்போது அதில் தொட்டால் காசு போகாது. நீங்கள் மையத்தைச் சுற்றிக்கொண்டு போனீர்கள் என்பதைக் கார்டில் குறித்துவைக்கும், அவ்வளவுதான்.

வெஸ்ட் ஹாம்ஸ்டெட்டில் இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே நல்ல கடைத்தெரு. அம்மா களைத்திருந்தாள், ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். பையனுக்குக் கேக். கூட்டம், பில் வர நேரமாகிவிட்டது. டியூப் ஸ்டேஷனுக்குள் தொட்டபோது, நடந்து மாறக் கொடுத்திருக்கும் நேரம் முடிந்துபோயிருந்தது. ஒரே பயணமாகக் கணக்காக வேண்டியது இரண்டாக உடைந்தது. மிச்சம் பிடிக்க நினைத்த காசும் போய், காபிக்கும் கேக்குக்கும் கொடுத்தது வேறு. தனியாக, நேரம் நிறைய உள்ளவர்கள் இந்தச் சுற்றுவழியை முயன்று பார்க்கலாம். வயதானவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு மூன்று முறை மாறிக் காசு மிச்சம் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை. அன்றைக்கே நகரத்துக்குள் இன்னும் நான்கு இடம் சுற்றுவதாக இருந்தால் எப்படியும் நாள் வரம்பைத் தொட்டுவிடுவோம், சுற்றி வந்ததற்கு அர்த்தமே இருக்காது.

சனி, ஞாயிறில் பராமரிப்பு வேலைக்காக லைன்களை அடைப்பது அங்கே சகஜம். வெள்ளிக்கிழமை ராத்திரியே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாறும் இடத்துக்குப் போய் நின்ற பிறகுதான் தெரியவரும்.

கிளம்புகிற நாள் பெட்டியெல்லாம் கட்டி முடித்து, அம்மா தன் சுருக்குப்பையில் சமயபுரம் குங்குமப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஆய்ஸ்டர் கார்டை வைத்து முடிந்துகொண்டிருந்தாள். அதில் இன்னும் ஆறு பவுண்ட் சொச்சம் இருந்தது. அந்தப் பணம் காலாவதி ஆகாது என்று தம்பிதான் எப்போதோ சொல்லியிருந்தான்.

"அடுத்த தடவை வரும்போது ஆகும்" என்றாள்.

தம்பி தலையைச் சொறிந்தான். "அம்மா, அந்தக் கார்டு என் ஃபிரெண்டோடது. ரெண்டு வாரத்துக்குன்னு கேட்டு வாங்கினேன்."

அம்மா முடிச்சை இன்னொரு சுற்று சுற்றி இறுக்கினாள். "அவனுக்கு ஆறு பவுண்டைக் குடுத்துடு."